பிள்ளையின் தொண்டை வலிக்கு எது சரி: காத்திருப்பதா, அசித்ரோமைசினா, பத்து நாள் அமாக்ஸிசிலினா, ஒரே ஒரு ஊசியா?

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் வருடத்துக்கு மூன்று நாலு தடவையாவது தொண்டை வலி வரும், வரும்போதெல்லாம் வீட்டில் ஆளுக்கொரு கருத்தும் கூடவே வரும். உப்பு போட்டு வெந்நீரில் வாய் கொப்பளித்தால் போதும் என்று பாட்டி சொல்வார், போன தடவை மெடிக்கலில் கொடுத்த அந்த மூன்று நாள் மாத்திரையையே வாங்கிவிடலாம் என்று அப்பா சொல்வார், டாக்டரிடம் காட்டாமல் எதுவும் கொடுக்காதே என்று அத்தை போனில் சொல்வார். இந்த மூன்றுமே சில நேரம் சரி, சில நேரம் தப்பு. எப்போது எது சரி என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ஆனால் வந்திருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் என்று தெரிந்தாலோ, டாக்டர் வலுவாகச் சந்தேகப்பட்டாலோ, அங்கே அரைகுறை வைத்தியம் கூடாது. பெனிசிலின் குடும்பத்து மருந்து, பத்து நாள், கடைசி வேளை வரை. அசித்ரோமைசின் இரண்டாவது வரிசையில் நிற்க வேண்டிய மருந்து. நம் ஊரில் அது முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தொண்டை வலிக்கு ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்று கேட்டால், பதில் தொண்டையில் இல்லை, இதயத்தில் இருக்கிறது. ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டையில் வந்தால் மருந்தே கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். போன பிறகுதான் வினை. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருட்கள், கிருமியின் மேல் இருக்கும் புரதத்துக்கும் நம் இதயத் தசை, வால்வு, மூட்டு இவற்றில் இருக்கும் புரதத்துக்கும் சாயல் ஒன்றாக இருப்பதால், ஆள் மாறித் தாக்க ஆரம்பிக்கும். தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும், அது சரியாகி கணுக்கால் வீங்கும், மறுபடி காய்ச்சல் வரும். இதைத்தான் ருமாட்டிக் காய்ச்சல் என்கிறார்கள். மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் போய்விடும், ஆனால் இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்த நோய் இந்தியாவில் இன்னும் இருக்கிறது. அரசு மருத்துவமனை இதயப் பிரிவில் இருபது முப்பது வயதில் வால்வு சுருங்கிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர்களில் பலருக்குச் சிறுவயதில் வந்த தொண்டை வலி நினைவில்கூட இருக்காது.

என் சித்தி அப்படி ஒருத்தி. அவருடைய கையில் ஒரு நோட்டு எப்போதும் இருக்கும், 21 நாளுக்கு ஒரு தேதி, ஒவ்வொரு தேதிக்கும் நேராக ஒரு நர்சின் கையெழுத்து. அந்த ஊசியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எப்படித் தொற்றுகிறது

இருமல், தும்மல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, ஒரே தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது, இதெல்லாம்தான் வழி. தோலில் ஸ்ட்ரெப் சிரங்கு இருந்தால் அதன் நீரிலிருந்தும் பரவும். தொற்றிய இரண்டு முதல் ஐந்து நாளில் அறிகுறி தெரியும். நெருக்கம்தான் முக்கியம் என்பதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் விமானப்படைத் தளத்தில் நடந்த ஆய்வுகள். அங்கே இளம் வீரர்கள் பெரிய கூடங்களில் கட்டில் போட்டுத் தூங்கினார்கள். கிருமி உள்ளவனின் கட்டிலுக்கு எவ்வளவு பக்கத்தில் ஒருவன் படுத்திருந்தானோ அவ்வளவு எளிதாக அவனுக்குத் தொற்றியது. ஆனால் நோயாளியின் கம்பளியிலும் தூசியிலும் காய்ந்து கிடந்த கிருமி தொற்றை உண்டாக்கவில்லை. அதனால் பெட்ஷீட்டைக் கொதிக்க வைப்பதைவிட, பிள்ளையைத் தம்பி தங்கையோடு ஒரே பாயில் இரண்டு இரவு படுக்க வைக்காமல் இருப்பது அதிகம் பயன் தரும். தனி டம்ளர், தனித் துண்டு, கை கழுவுவது, அவ்வளவுதான். சரியான ஆன்டிபயாடிக் ஆரம்பித்து 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் விட்டிருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம், அதற்குள் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

முதல் முடிவு: இது ஸ்ட்ரெப் தானா?

தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குத்தான் ஸ்ட்ரெப். பெரியவர்களில் இது 5 முதல் 15. மீதிப் பேருக்கு வைரஸ். வைரஸுக்கு உலகத்தில் உள்ள எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது.

வீட்டில் பார்க்கக்கூடியவை சில உண்டு. மூக்கு ஒழுகுகிறதா, இருமல் இருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா? இவை இருந்தால் வைரஸ் பக்கம்தான் தராசு சாயும். இவை எதுவும் இல்லாமல், திடீரென்று காய்ச்சல் அடித்து, எச்சில் விழுங்கவே வலிக்கிறது, தாடைக்குக் கீழே முன்கழுத்தில் நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறது, வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் சிவந்து வெள்ளை வெள்ளையாகச் சீழ் தெரிகிறது, மேல் அண்ணத்தில் குங்குமம் தெறித்த மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் என்றால் ஸ்ட்ரெப் பக்கம் சாயும். சின்னப் பிள்ளைகள் சில நேரம் தொண்டையைப் பற்றியே சொல்லாமல் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி என்றுதான் சொல்வார்கள். தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு வந்து, நாக்கும் சிவந்து புள்ளி புள்ளியாக இருந்தால் அது ஸ்கார்லெட் காய்ச்சல், அதுவும் இதே கிருமியின் வேலைதான்.

இந்த அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு முடிவெடுக்கும் முறை 1981-லிருந்தே இருக்கிறது, சென்ட்டார் மதிப்பெண் என்று பெயர். நான்கு அறிகுறிக்கு நான்கு மதிப்பெண். இதற்குப் பிறகு வயதையும் சேர்த்துத் திருத்தினார்கள். ஆனால் நான்குக்கு நான்கு வாங்கினாலும் பாதிப் பேருக்கு ஸ்ட்ரெப் இருக்காது என்பதுதான் உண்மை நிலவரம். கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது.

அப்படியானால் பரிசோதனை. இங்கே மூன்று வழி இருக்கிறது. தொண்டையில் பஞ்சுக் குச்சியால் துடைத்து பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் விரைவுச் சோதனை ஒன்று. இதில் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம், நெகட்டிவ் என்றால் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரைத் தவறவிட்டிருக்கும். இரண்டாவது கல்ச்சர், அதே குச்சியை ரத்தம் கலந்த தட்டில் தேய்த்து ஒன்றிரண்டு நாள் வளர்த்துப் பார்ப்பது. கிருமி வளர்ந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கரைந்து கண்ணாடி மாதிரி தெளிவாகிவிடும். தொண்டையில் கிருமி இருக்கிறதா என்று சொல்ல இதைவிட நல்ல சோதனை இல்லை. இரண்டு நாள் காத்திருக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம், தொண்டை வலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் மருந்து தொடங்கினாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். இந்த ஒன்பது நாள் கணக்கைப் பெற்றோர் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் மெடிக்கலைத் தட்டி எழுப்ப வேண்டிய அவசரம் இதில் இல்லை, காலையில் டாக்டரிடம் போக நேரம் இருக்கிறது.

மூன்றாவது நம் ஊர் லேபுகளில் தாராளமாக எழுதப்படும் ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனை. இதைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்டை வலிக்கு இது தப்பான சோதனை. ஸ்ட்ரெப் வந்துபோனதற்கு உடம்பில் மிஞ்சியிருக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் அது அளக்கிறது. தொற்று வந்து மூன்று முதல் ஐந்து வாரத்தில்தான் அது உச்சிக்குப் போகும். இன்று வலிக்கும் தொண்டையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ரிப்போர்ட்டில் 200 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள், எந்த நோயும் இல்லாத பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அது 200-க்கு மேலேயே இருக்கும். அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு ருமாட்டிக் காய்ச்சல் என்று முத்திரை குத்தி, வருடக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூட்டு வீங்கியிருக்கிறது, இதயத்தில் சத்தம் கேட்கிறது என்ற நிலையில் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. வெறும் தொண்டை வலிக்கும் கால் வலிக்கும் கிடையாது.

பிரச்சினை என்னவென்றால் சரியான சோதனையான விரைவுச் சோதனை நம் ஊர் கிளினிக்குகளில் அபூர்வம். அதனால் டாக்டரே அறிகுறிகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம், பெரிய லேபுகளில் செய்வார்கள்.

இரண்டாவது முடிவு: காத்திருப்பதா, மருந்தா?

இங்கேதான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது கணக்கில் வருகிறது. இங்கிலாந்தில் ருமாட்டிக் காய்ச்சல் மிக அரிது. அதனால் அங்கே லேசான தொண்டை வலியோடு போனால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் இரு என்று அனுப்பிவிடுவார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் வலி ஒரு நாள்தான் முன்னால் குறையும், அந்த ஒரு நாளுக்காக வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 2022 டிசம்பரில் அங்கேயே ஸ்ட்ரெப் அலை அடித்து, ரத்தத்தில் பரவிப் பிள்ளைகள் இறந்தபோது, இன்னும் தாராளமாக மருந்து கொடுக்கச் சொல்லி வழிகாட்டுதலைத் தற்காலிகமாக மாற்றினார்கள். நியூசிலாந்தில் ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு கணக்கு: மாவோரி, பசிபிக் தீவு மக்களிடம் ருமாட்டிக் காய்ச்சல் அதிகம் என்பதால் அந்தப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி என்றால் சோதித்து மருந்து கொடுக்கிறார்கள், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

நாம் எந்தப் பக்கம்? இங்கிலாந்து டாக்டர் யூடியூபில் சொல்வதைக் கேட்டு ஐந்து வயதுப் பிள்ளையின் சீழ் பிடித்த டான்சிலுக்குக் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்வது நம் நிலைமைக்குப் பொருந்தாது. அதே நேரம் மூக்கு ஒழுகிக்கொண்டு வரும் தொண்டைக் கரகரப்புக்கெல்லாம் மருந்து கொடுக்கவும் இது காரணம் ஆகாது. என் பார்வையில் பிரிக்க வேண்டிய கோடு இதுதான். சளி, இருமலோடு வந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம். சளி இருமல் இல்லாமல் காய்ச்சல், நெறிக்கட்டு, சீழ் என்று வந்து, பிள்ளைக்கு வயது 5 முதல் 15 என்றால் அடுத்த நாள் டாக்டரிடம் போக வேண்டும், ஸ்ட்ரெப் என்று அவர் சொன்னால் மருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது ருமாட்டிக் இதய நோய் இருந்தால் பொறுத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம்.

பொறுத்துப் பார்க்கும் நாட்களில் உப்பு வெந்நீர், மஞ்சளும் மிளகும் போட்ட பால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன், எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் எல்லாம் நல்லதே. வலியைக் குறைக்கும், தண்ணீர் இறங்க வைக்கும். கிருமியைக் கொல்லும் என்று மட்டும் நம்ப வேண்டாம். சீக்கிரம் குணமாக்கும் என்று சில இடங்களில் போட்டுவிடும் ஸ்டீராய்டு ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள், அதற்கும் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது.

எச்சில் விழுங்க முடியாமல் வடிகிறது, வாய் திறக்க முடியவில்லை, கழுத்து ஒரு பக்கம் வீங்குகிறது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது, தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்திருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம், அதன் வைத்தியமே வேறு.

மூன்றாவது முடிவு: எந்த மருந்து?

பெனிசிலினும் அமாக்ஸிசிலினும்: இந்தக் குடும்பத்துக்கு இருக்கும் ஒரு தகுதி வேறு எதற்கும் கிடையாது. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும், ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதற்கு அடங்காமல் போனதாக நோயாளிகளிடம் இதுவரை கண்டறியப்படவில்லை. 1942-ல் அமெரிக்காவில் ஆன் மில்லர் என்ற பெண்ணுக்கு ஸ்ட்ரெப் ரத்தத்தில் பரவி உயிர் போகும் நிலையில் பெனிசிலின் கொடுத்துக் காப்பாற்றினார்கள், அந்த மருந்தால் அந்த நாட்டில் பிழைத்த முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள். அன்று கேட்ட கிருமி இன்றும் கேட்கிறது. ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கும் என்ற நிரூபணமும் பெனிசிலினுக்குத்தான் இருக்கிறது. மேலே சொன்ன அதே வாரன் தளத்து வீரர்களிடம் நடந்த ஆய்வு 1950-ல் வெளியானது, மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குமேல் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டவர்களுக்கு அது வெகுவாகக் குறைந்தது.

பெனிசிலின் வி மாத்திரை பல கடைகளில் கிடைப்பதில்லை, அதனால் நடைமுறையில் அமாக்ஸிசிலின். கிலோவுக்கு 50 மி.கி., ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1000 மி.கி., ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ, பத்து நாள். விலை குறைவு, சுவை பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

குறை ஒன்றுதான், பத்து நாள். இதில் நம் வீடுகளில் நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. வேண்டும். 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் தினம் 20 மில்லி. 60 மில்லி பாட்டில் மூன்றாம் நாள் இரவு காலி. மூன்றாம் நாள் காய்ச்சலும் போயிருக்கும், பிள்ளை ஓடி விளையாடும். பாட்டில் முடிந்தது, நோயும் முடிந்தது என்று வீடே நிம்மதியாகிவிடும். ஆனால் முழுசாகக் கொடுக்க நாலு பாட்டில் வேண்டும். 125 மி.கி. சிரப் என்றால் ஏழு பாட்டில்! இதைச் சீட்டு எழுதும்போதே டாக்டர் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும். தண்ணீர் கலக்கிய பாட்டிலை ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று பெரும்பாலான பாட்டில்களில் எழுதியிருக்கும் என்பதால், நாலையும் முதல் நாளே கலக்கி வைத்துவிடாதீர்கள். இதற்குப் பதில் தண்ணீரில் கரையும் 250 மி.கி. மாத்திரை கேட்டு வாங்கினால் தினம் நான்கு, மொத்தம் நாற்பது, எண்ணி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாளோடு நிறுத்தினால் என்ன ஆகும்? காய்ச்சல் போவது கிருமி குறைந்ததற்கு அடையாளம், தொண்டையை விட்டு முழுக்க ஒழிந்ததற்கு அடையாளம் கிடையாது. ருமாட்டிக் காய்ச்சல் வராமல் இருக்கக் கிருமி தொண்டையிலிருந்து ஒழிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆன்டிபயாடிக் கையேடு, ருமாட்டிக் காய்ச்சல் குறைந்த நாடுகளுக்கு ஐந்து நாள் போதும் என்றும், அதிகம் உள்ள இடங்களுக்குப் பத்து நாள் என்றும் பிரித்தே சொல்கிறது.

அமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்தை, ஆக்மென்டின் என்றால் எல்லாருக்கும் தெரியும், அதிக வீரியம் என்று நினைத்து விரும்பிக் கேட்கிறார்கள். பெனிசிலினை உடைக்கும் நொதி இருக்கிற கிருமிகளுக்காகச் சேர்த்தது அந்த இரண்டாவது பொருள். ஸ்ட்ரெப்புக்கு அந்த நொதியே கிடையாது. கூடுதல் காசு, கூடுதல் வயிற்றுப்போக்கு, சாதாரண ஸ்ட்ரெப் தொண்டைக்குக் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை.

அசித்ரோமைசின்: நாளுக்கு ஒரு வேளை, மூன்றிலிருந்து ஐந்து நாள், அதனால்தான் மெடிக்கலில் முதலில் கைக்கு வருவது இதுவாக இருக்கிறது. உடம்புத் திசுக்களில் நாள்கணக்கில் தங்கும் என்பதால் ஐந்து நாள் போதும் என்பது உண்மைதான். ஆனால் இந்த மருந்துக்கு அடங்காத ஸ்ட்ரெப் பல நாடுகளில் பெருகிவிட்டது, சீனாவில் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வுகளில் பெரும்பாலான கிருமிகள் இந்த வகை மருந்துக்கு மசியவில்லை. அடங்காத கிருமி வந்த பிள்ளைக்கும் காய்ச்சல் தானாக ஐந்து நாளில் போய்விடும், மருந்து வேலை செய்ததாகவே நாம் நினைப்போம், கிருமி தொண்டையிலேயே இருக்கும். இதுதான் எனக்குப் பயம். அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. மற்ற நோய்களுக்குக் கொடுக்கும் கிலோவுக்கு 10 மி.கி., மூன்று நாள் என்ற அளவு ஸ்ட்ரெப்புக்குப் போதாது. 12 மி.கி. வீதம் ஐந்து நாள், மொத்தம் கிலோவுக்கு 60 மி.கி. போக வேண்டும். இதயத் துடிப்பின் தாளத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

யாருக்கு இது சரி? பெனிசிலின் போட்டு மூச்சுத் திணறல், முகம் வீக்கம், மயக்கம் என்று உண்மையான ஒவ்வாமை வந்தவர்களுக்கு. அவர்களுக்கு இதுவோ கிளிண்டாமைசினோதான் வழி. சின்ன வயதில் லேசாகத் தடிப்பு வந்தது என்பவர்களுக்குச் செஃபாலெக்சின் பத்து நாள் கொடுக்கலாம், அது நல்ல மருந்து, அசித்ரோமைசினைவிட நான் நம்புவது. எனக்குப் பெனிசிலின் ஆகாது என்று சொல்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குச் சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்பை மருந்தின் தலையில் கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டத்தோடு வாழ்நாள் முழுக்க ஓடாமல், ஒரு தடவை டாக்டரிடம் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

செஃபிக்சிம் பற்றியும் கேட்பீர்கள். வேலை செய்யும், ஆனால் ஸ்ட்ரெப்புக்குத் தேவைக்கு மேல் பரந்த மருந்து. உலக சுகாதார நிறுவனம் அமாக்ஸிசிலினையும் செஃபாலெக்சினையும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்ற பட்டியலிலும், அசித்ரோமைசினையும் செஃபிக்சிமையும் கவனத்தோடு கையாள வேண்டிய பட்டியலிலும் வைத்திருக்கிறது.

ஒரே ஊசி: பென்சத்தீன் பெனிசிலின், நம் ஊரில் பெனிடூர் என்று பெயர் தெரியும். 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், அதற்கு மேலே 12 லட்சம் யூனிட், ஒரே தடவை. தசையில் தங்கி மூன்று நாலு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். பத்து நாள் கணக்கு, பாட்டில் கணக்கு எதுவும் வேண்டாம். மருந்தை ஒழுங்காகக் கொடுக்க முடியாத வீடு, ஹாஸ்டல் பிள்ளை, எல்லாவற்றையும் வாந்தி எடுக்கும் பிள்ளை, வீட்டில் ருமாட்டிக் நோயாளி இருப்பவர்கள், இவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வலிக்கும், நிஜமாகவே வலிக்கும். அலர்ஜி பயத்தால் பல தனியார் கிளினிக்குகளில் போடவே மாட்டார்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்தாயிரத்தில் ஒரு சிலருக்குத்தான் வரும், இருந்தாலும் வந்தால் நிமிடங்களில் வரும் என்பதால், அந்த ஒவ்வாமைக்கு உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்து தயாராக இருக்கும் இடத்தில் போட்டு அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் வரிசை: சாதாரணமாக அமாக்ஸிசிலின் பத்து நாள். முடிக்க முடியுமா என்று சந்தேகம் இருந்தால் ஊசி. லேசான ஒவ்வாமை என்றால் செஃபாலெக்சின். கடும் ஒவ்வாமை என்றால் மட்டும் அசித்ரோமைசின்.

ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு: மாதாந்திர ஊசியா, தினசரி மாத்திரையா?

ஒரு தடவை வந்தவருக்கு அடுத்த ஸ்ட்ரெப் வந்தால் மறுபடி வரும் வாய்ப்பு மிக அதிகம், ஒவ்வொரு தடவையும் வால்வில் இன்னொரு தழும்பு. அதனால் கிருமி வருமுன்னே காவல் போட வேண்டும். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை அதே பென்சத்தீன் பெனிசிலின் ஊசி, அல்லது தினம் இரண்டு வேளை 250 மி.கி. பெனிசிலின் வி. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஊசிதான் மேல், மாத்திரையை மனிதர்கள் மறப்பார்கள்.

சித்திக்கு ஊசி போடும்போது நான் துணைக்குப் போவேன். சிறு குப்பியில் வெள்ளைப் பொடி, அதில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டியான பால் மாதிரி ஆகும். ஊசியில் ஏற்றிக் கொஞ்சம் தாமதித்தால் முனையில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஊசியை மாற்றி மறுபடி குத்த வேண்டும். கைப்பழக்கம் உள்ள நர்ஸ் என்றால் குப்பியைக் கைக்குள் உருட்டிச் சூடாக்கி, குத்திய பிறகு அவசரப்படாமல் மெதுவாக ஏற்றுவார். அன்றும் மறுநாளும் சித்தி ஒருக்களித்துத்தான் உட்காருவார். இருந்தும் ஒரு தேதியைக்கூட விட மாட்டார். எத்தனை வருடம் என்பது வால்வைப் பொறுத்தது: இதயம் பாதிக்கப்படாதவர்களுக்குக் குறைந்தது ஐந்து வருடம், வால்வில் தழும்பு தங்கிவிட்டவர்களுக்குப் பத்து வருடம் அல்லது 40 வயது வரை, இரண்டில் எது நீளமோ அது, சிலருக்கு ஆயுள் முழுக்க.

ஆனால் வால்வு கடுமையாகச் சுருங்கியோ இதயத்தின் பம்ப் வலு குறைந்தோ இருப்பவர்களுக்கு மாத்திரையே பாதுகாப்பு என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022-ல் அறிவுறுத்தியது. ஊசி வலியில் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, தாங்க முடியாத இதயம் நின்றுபோகும் ஆபத்தை அவர்கள் காரணமாகச் சொன்னார்கள், மருந்தின் அலர்ஜி அதில் முக்கியக் காரணம் இல்லை. அந்த நிலையில் இருப்பவர்கள் தாங்களாக ஊசியை நிறுத்த வேண்டாம், இதய டாக்டரிடம் இதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நோய் வெளியே தெரியாத பிள்ளைகளுக்கும் ஊசி பயன்படுமா என்று உகாண்டாவில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 818 பேரிடம் சோதித்தார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் மட்டுமே தெரிந்த லேசான வால்வுப் பாதிப்பு உள்ளவர்கள். இரண்டு வருடம் நாலு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம் பேருக்குத்தான் பாதிப்பு கூடியது, போடாதவர்களில் 8.2 சதவீதம். இவ்வளவு மலிவான மருந்துக்கு இப்படி ஒரு பலன் என்பதைப் படித்தபோது, நம் பள்ளிகளில் எக்கோ பார்க்கும் ஏற்பாடு வர வேண்டும் என்று மனசார நினைத்தேன்.

அடிக்கடி வருகிறதே, டான்சிலை எடுத்துவிடலாமா?

ஒரே வருடத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு மூன்று என்று டாக்டர் பதிவு செய்த தொற்றுகள் இருந்தால் யோசிக்கலாம், அதற்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். சில பிள்ளைகள் தொண்டையில் ஸ்ட்ரெப்பைச் சும்மாவே சுமந்துகொண்டிருப்பார்கள், நோய் கிடையாது, வைரஸ் தொண்டை வலி வரும்போது சோதித்தால் அந்தக் கிருமி தெரிந்து ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரெப் என்று தோன்றும். இவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம்.

இன்னொன்று, இது சிறுநீரகத்துக்கு. ஸ்ட்ரெப் தொண்டை வந்து ஒன்று முதல் மூன்று வாரத்திலும், தோலில் ஸ்ட்ரெப் சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரத்திலும் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரக அழற்சி வரும். ஆன்டிபயாடிக் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கிற அளவுக்கு இதை உறுதியாகத் தடுப்பதில்லை, அதனால் மருந்தை முழுசாகக் கொடுத்த வீட்டிலும் கவனம் வேண்டும். காலையில் எழுந்ததும் கண் இமைகள் உப்பியிருக்கிறதா, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறதா, அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள், சமீபத்தில் தொண்டை வலியோ சிரங்கோ வந்தது என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.